தொட்டி மேல் இருந்த பெயர்

ஆலன், டெக்சாஸ்
18 ஜனவரி 1998

அன்புள்ள வசந்தாவுக்கு,

போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் நம் இருவரில் ஒருவர் ரிசீவரை வைத்துவிடுகிறோம். பொங்கலன்று வைத்தது நீ. அதனால்தான் எழுதுகிறேன். ஈமெயில் வேண்டாம். இங்கிலீஷில் இருந்தால் கயல் படித்துவிடுவாள். தமிழ்க் கடிதத்தை டைனிங் டேபிளில் விரித்துப் போட்டுவிட்டு ஆபீஸ் போனாலும் பயமில்லை. என் மகளுக்கு அது கோலம் மாதிரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊத்துக்காட்டூரில் அப்பா பெயரில் மூன்று இடங்கள் இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டு, பிரசவ ஆஸ்பத்திரி, முனிசிபாலிட்டி தண்ணீர்த் தொட்டி. மூன்றிலிருந்தும் அவர் பெயரை எடுக்கவேண்டும் என்று நம் எம்.எல்.ஏ. சட்டசபையில் மசோதா கொண்டுவருகிறார். வெறும் தீர்மானம் இல்லை, சட்டம். நிறைவேறிவிட்டால் வெள்ளியங்கிரி என்ற பெயரை இனி எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் வைக்கக்கூடாதாம். செத்து இருபத்துநான்கு வருஷமான ஆளைச் சட்டம் போட்டு இன்னொரு தரம் சாகடிக்கிறார்கள்.

காரணம் அதே பழைய கதை. 1961-இல் மில்லில் ஸ்ட்ரைக் நடந்தபோது, முனிசிபாலிட்டி சேர்மனாக இருந்த அப்பா, மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் தண்ணீரைப் பதினோரு நாள் அடைத்துவிட்டார், ஜனங்கள் கல்லுக்குழித் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் பத்தொன்பது பேர் செத்தார்கள் என்று. மோட்டார் எரிந்துவிட்டது என்று முனிசிபாலிட்டி ரிக்கார்டிலேயே இருக்கிறது. வாந்திபேதி அந்த வருஷம் ஜில்லா முழுக்க இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மசோதாவுக்கு முன்னால் ரிட்டயர்ட் ஜட்ஜ் ஒருவரைப் போட்டு விசாரிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுத்தில் வாக்குமூலம் அனுப்பலாம். நான் ஒன்று தயார் செய்திருக்கிறேன். மகன், மகள் இருவரும் கையெழுத்துப் போட்டால் எடை இருக்கும். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உன் பேங்க்கில் நோட்டரி முன்னால் போட்டு, வார இறுதிக்குள் அனுப்பு.

கயலின் வாலிபால் டீம் போட்டோ வைத்திருக்கிறேன். பின்பக்கம் திரும்பி நிற்பவள்தான் அவள். ஜெர்ஸியில் தோளுக்குத் தோள் இங்கிலீஷில் பதினோரு எழுத்து, அப்பா பெயர். அவளுடைய கோச்சுக்கு அதை வாயில் நுழைக்க ஒரு மாதம் ஆனதாம்.

உன் அண்ணன்,
வெ. நஞ்சுண்டன்


மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
2 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்தவளுக்கு எழுதும்போதும் இனிஷியல் போட்டுக் கையெழுத்துப் போடுகிறீர்கள். நான் என்ன பேங்க் மேனேஜரா?

நான் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன். நான்கு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு பார்மசிக்கு வேலைக்குப் போய்வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து எடுத்துப் படித்தேன். "மோட்டார் எரிந்துபோன காரணத்தால்" என்ற வரிக்கு மேல் என்னால் போகமுடியவில்லை.

மோட்டார் எரிந்திருந்தால் ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். நம் வீட்டு வாசலில் அந்தப் பதினோரு நாளும் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். எருமைகளைக் கழுவினார்கள். அம்மா தலைக்குக் குளித்தாள். அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கண் தெரியாதா?

அப்புறம் அந்தச் சாவி. தண்ணீர் வால்வைத் திருகும் இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கம்பி வைத்தது. அது முனிசிபாலிட்டி ஷெட்டில், தண்ணீர் திறந்துவிடும் ரங்கனிடம் இருக்கவேண்டிய சாமான். அந்தப் பதினோரு நாளும் அது நம் வீட்டில் உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்தது உங்களுக்கும் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்று சொல்வார்கள். நீங்கள் ஒரு தண்ணீர்த் தொட்டியையே மறைக்கச் சொல்கிறீர்கள்.

இவர், "அது உங்க குடும்ப விஷயம், என்னை இழுக்காதே" என்று சொல்லிவிட்டு ஸ்னோ அள்ளப் போய்விட்டார். நேற்று எட்டு அங்குலம் விழுந்தது.

கயல் போட்டோ அழகாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

வசந்தாமணி


ஆலன்
14 பிப்ரவரி 1998

வசந்தா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உன் அண்ணி சாந்தாமணி, வயிறு சரியில்லையா என்று கேட்டு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டேன்.

உனக்கு என்ன, சுலபம். உன் வீட்டு மெயில் பாக்ஸில் சிவராமகிருஷ்ணன் என்று எழுதியிருக்கிறது. கல்யாணத்தோடு அப்பா பெயரைக் கழற்றிவிட்டுப் போனவள் நீ. என் கதை அப்படியா? விசா ஃபாரத்தில் லாஸ்ட் நேம் என்று கேட்டான், நான் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் வெள்ளியங்கிரி, உன் அண்ணி மிஸஸ் வெள்ளியங்கிரி, கயல் வெள்ளியங்கிரி. பல் டாக்டரிடம் போனால்கூட நர்ஸ் அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள், நான் எழுந்து போகிறேன். அந்தப் பெயரைக் கெட்ட பெயர் என்று சட்டம் போட்டால் அது தொட்டியோடு நிற்காது. என் வீட்டுக்குள் வரும்.

ஆஸ்பத்திரி கட்டியது யார்? ஊருக்கு முதன்முதலில் குழாய் கொண்டுவந்தது யார்? அதையெல்லாம் விட்டுவிட்டுப் பதினோரு நாளைப் பிடித்துத் தொங்குகிறாய். இரும்புச் சாவி! எந்த வீட்டில் இரும்புச் சாமான் இல்லை? நீ பார்த்தது கடப்பாரையாக இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வாய் உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. அன்றைக்கும் வாயைத் திறந்துதான் கெட்டாய்.

வெ. நஞ்சுண்டன்


மான்மவுத் ஜங்ஷன்
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அண்ணா,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். இனி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டி வந்துவிட்டது. கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நானே தனியாக ஒரு வாக்குமூலம் எழுதி விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். சாவியைப் பற்றி, வாசல் கோலத்தைப் பற்றி, இரண்டே பக்கம். அது திரும்பி வந்துவிட்டது. "மனுதாரர் வசந்தாமணி சிவராமகிருஷ்ணன் என்பவர் மேற்படி வெள்ளியங்கிரியின் மகள் என்பதற்கு அத்தாட்சி எதுவும் இணைக்கப்படவில்லை" என்று ஒரு குறிப்பு.

வீடு முழுக்கத் தேடினேன். வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பொ. வசந்தாமணி என்று இருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில தண்ணிச் சாவி இருக்குது" என்று நான் கிளாஸில் டீச்சரிடம் சொன்னேன். அடுத்த வாரமே அப்பா என்னைக் கோயமுத்தூருக்கு, பொன்னுசாமி மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஸ்கூலில் சேர்க்கும்போது, கூட வந்தவர் பெயரைத் தகப்பன் பெயர் என்று நினைத்து ஹெட்மாஸ்டர் இனிஷியலை மாற்றி எழுதிவிட்டார். திருத்தலாம் என்று மாமா சொன்னதற்கு அப்பா, "இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். என் கல்யாணப் பத்திரிகையிலும் மாமா பெயர்தான். அப்பா முன்வரிசையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தோடு நான் அவர் பெயரைக் கழற்றிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் கழற்றவில்லை அண்ணா. பத்து வயதில் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது நான் அவர் மகள் என்று சொல்ல நம் குடும்பத்தில் மிச்சமிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், "இவள் என் தங்கை" என்று. நான் சொல்வது உண்மை என்று எழுதவேண்டாம். பொய் என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் முப்பது வரை தவணை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். என் கிளாஸில் மரகதம் என்று ஒருத்தி இருந்தாள். லைன் வீட்டுப் பெண். மூன்றாவது பெஞ்ச்சில் என் வலப்பக்கம் உட்காருவாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, "உங்க ஊட்ல தண்ணி வருதா?" என்று கேட்டாள். வருது என்றேன். இரண்டு நாள் தூக்குப்போசியில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் அம்மா கண்டுபிடித்துப் போசியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் மரகதம் வரவில்லை. டீச்சர் என்னை நடுவில் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள்.

சாவியை எடுத்துக்கொண்டுபோய் ரங்கனிடம் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்ததுண்டு. அது என்ன கனம்!

வசந்தாமணி


ஆலன்
3 மே 1998

வசந்தா,

முடியாது.

உன்னைத் தங்கை இல்லை என்று நான் என்றைக்குச் சொன்னேன்? ஆனால் அந்தக் காகிதத்தில் அந்த ஒரு வரியை எழுதினால், மீதி இரண்டு பக்கத்துக்கும் நான் தோள் கொடுத்த மாதிரி ஆகும். மகன் சாட்சி, மகள் வாக்குமூலம். கட்சிக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை நீ எழுதியிருக்க வேண்டாம். அந்தப் பாராவை மட்டும் காரில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் பத்து மணி மீட்டிங்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கே மே மாதமே நூறு டிகிரி. ஏசி போடக்கூடத் தோன்றவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. சாவி கனம் என்று உனக்கு எப்படித் தெரியும்?

நஞ்சுண்டன்


மான்மவுத் ஜங்ஷன்
12 மே 1998

அன்புள்ள அண்ணா,

மறைக்க என்ன இருக்கிறது?

அம்மா போசியைப் பிடுங்கி வைத்த அன்று, நீங்கள் ஸ்கூலிலிருந்து வருவதற்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய் இழுத்துப் பார்த்தேன். தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் எழும்பியது. மறுபக்கம் அசையவில்லை. இரண்டாம் தரம் இழுத்தபோது கை வழுக்கித் தரையில் விழுந்தது. கட்டிலுக்குக் கீழே சிமெண்ட் பேர்ந்திருக்குமே, அது அன்றைக்குத்தான். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியை இழுத்து அந்த இடத்தை மறைத்தீர்கள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அது எனக்கு இத்தனை வருஷமும் ஞாபகம் இருக்கிறது. என்னை அடிவாங்காமல் காப்பாற்றினீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் கடிதங்களைப் படித்தால் சந்தேகமாக இருக்கிறது. அண்ணா, அது ஏன் உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது? அப்பா அறையில் இரும்புப் பெட்டி இருந்ததே?

வசந்தா


ஆலன்
21 ஜூன் 1998

அம்மிணி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

நேற்று விசாரணைக் குழுவுக்குத் தபால் அனுப்பிவிட்டேன். நீ கேட்ட வரி அதில் இருக்கிறது. அதோடு நிறுத்தவில்லை. என்ன எழுதினேன் என்று அவர்கள் படிப்பதற்கு முன்னால் உனக்குத் தெரியவேண்டும்.

வால்வைத் திருகியது நான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "ரங்கனுக்குக் கை நடுங்குதாமா. நீ போயித் திருகிப்போட்டுச் சாவியக் கொண்டா. நம்ம ஊட்லயே இருக்கட்டும்" என்றார். எனக்குப் பதினைந்து வயது. அதுவரை என்னிடம் ஒரு வேலை சொன்னவரில்லை அவர். மார்க் ஷீட்டைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். நான் ஓடினேன் வசந்தா. நல்ல வெயிலில், செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். லைனுக்குப் போகும் குழாயின் வால்வு தொட்டிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. வலப்பக்கமாக ஏழு சுற்று. கடைசிச் சுற்று இறுகியது, முழு பலத்தையும் போட்டேன். பிறகு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதி வழியாகவே நடந்து வந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அன்றைக்கு ராத்திரி அப்பா தன் பக்கத்து மணையில் என்னை உட்காரவைத்து, "இவனுக்கு வை" என்று அம்மாவிடம் சொன்னார். சாவியை உன் அறையிலேயே வைத்துக்கொள் என்றார். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. அதற்காகத்தான் அது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பதினோரு நாளும் அதன்மேல் தூங்கினேன். லைனில் சாவு மேளம் கேட்க ஆரம்பித்தபோதும் எடுத்துக்கொண்டு போகவில்லை. உன்னால் தூக்கமுடியவில்லை. என்னால் முடிந்தது.

இதை நான் சாந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அவளுக்கும் தெரியும், கயலுக்கும் தெரியும். எப்படி என்று கேள். தமிழில் எழுதி பேங்க்குக்கு எடுத்துப்போனேன். எனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் இருக்கும் பேப்பரில் முத்திரை வைக்கமாட்டேன் என்று அந்த நோட்டரிப் பெண் சொல்லிவிட்டாள். சரி என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்தேன். பிரிண்ட் கொடுத்தால் பேப்பர் தீர்ந்துவிட்டது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மத்தியானம் கயல் தன் சம்மர் ஸ்கூல் ஹிஸ்டரிக் கட்டுரையை எடுக்கப் பேப்பர் போட்டிருக்கிறாள். முதலில் வந்தது என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாகக் காரியத்தைக் கம்ப்யூட்டரில் முடிக்கிறவன் நான், என் கதை பிரிண்டரில் மாட்டிக்கொண்டு நின்றது.

நான் வீட்டுக்கு வந்தபோது டேபிளில் உட்கார்ந்திருந்தாள். தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டாட், வாட் வேர் தேர் நேம்ஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது என்றேன்.

"யூ டோன்ட் நோ ஈவன் ஒன்?"

தெரியாது என்றேன்.

எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரமாக என்னிடம் யெஸ், நோ மட்டும்தான்.

குழுவிலிருந்து கூப்பிட்டால் டிக்கெட் போட்டுப் போய் நிற்பதாக இருக்கிறேன். என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும். ஐம்பத்திரண்டு வயதில் இதைச் சொல்லியாயிற்று என்பதே கொஞ்சம் மூச்சுவிட முடிகிற மாதிரி இருக்கிறது.

நஞ்சுண்டன்


மான்மவுத் ஜங்ஷன்
8 நவம்பர் 1998

அன்புள்ள அண்ணா,

ஜூலையிலிருந்து நான்கு தரம் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உங்கள் மேல் கோபமா, பரிதாபமா என்று எனக்கே பிடிபடவில்லை. கோபம்தான் அதிகம். நீங்கள் டிரங்குப் பெட்டியை இழுத்து மறைத்தது என்னைக் காப்பாற்ற அல்ல என்று இப்போது தெரிகிறது. இத்தனை வருஷம் அந்த ஒரு விஷயத்துக்காக உங்கள் மேல் பாசமாக இருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இருந்தாலும் இதை நான்தான் சொல்லவேண்டும். போன வாரம் ஊரிலிருந்து அனந்தலக்ஷ்மி எழுதியிருந்தாள். என்னோடு நாலாம் கிளாஸ் வரை படித்தவள், இப்போது அதே ஸ்கூலில் டீச்சர். சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் நீங்கள் பயந்த சட்டம் இல்லை, நான் கேட்ட சட்டமும் இல்லை. ஒரு ஆள் பெயரை மட்டும் எடுத்தால் அவருடைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, மசோதாவையே மாற்றிவிட்டார்களாம். எந்தத் தனிமனிதர் பெயரும் எந்த முனிசிபல் கட்டடத்திலும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நூலகத்துக்கு இடம் கொடுத்த வாத்தியார் பெயரும் போயிற்று, அப்பா பெயரும் போயிற்று. ஒரே டப்பாவில் வெள்ளைப் பெயின்ட்.

எல்லாப் பெயரையும் எடுப்பதற்கு யார் என்ன செய்தார்கள் என்று எதற்கு விசாரணை? குழுவைக் கலைத்துவிட்டார்கள். நான் மறுபடி அனுப்பியதும், கவரில் என் மனுவைக் குறிப்பிட்டு நீங்கள் அனுப்பியதும், இரண்டு தபாலும் என் விலாசத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. உங்கள் கவரை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள், ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. யாரும் பிரிக்கவே இல்லை.

தொட்டியில் இப்போது "ஐந்து லட்சம் லிட்டர்" என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். வால்வைத் திருகியவர் என்று உங்களை யாரும் தேடி வரப்போவதில்லை. சந்தோஷப்படுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் சந்தோஷப்படமாட்டீர்கள் என்றும் தெரியும்.

இன்னொன்று. கயல் எனக்குப் போன் செய்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். "அத்தை, யூ வேர் தேர். டெல் மீ தேர் நேம்ஸ்" என்றாள். அனந்தலக்ஷ்மியை விட்டு முனிசிபாலிட்டியில் சாவுப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். பாவம், இரண்டு நாள் லீவு போட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த வருஷப் பங்குனியில் "லைன் வீடு, ஆண், வயது 3", "லைன் வீடு, பெண், வயது 40" என்று வரிசையாக இருக்கிறதாம். பெயர்க் கட்டத்தில் ஒரு கோடுதான். சேர்மன் யார் அப்போது? அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. தெளிவாக, வெள்ளியங்கிரி என்று.

கயலிடம் எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன். மரகதம். உடனே, "மரகதம் வாட்? வாட்ஸ் ஹெர் லாஸ்ட் நேம்?" என்று கேட்டாள். "நமக்கெல்லாம் லாஸ்ட் நேம் கிடையாது கண்ணு, அப்பா பேரோட முதல் எழுத்துதான்" என்றேன். அது என்ன என்று கேட்டாள்.

ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் அப்பா யார் என்று நான் கேட்டதே இல்லை. இனிஷியல் தெரியவில்லை அண்ணா.

வசந்தா


ஆலன்
6 டிசம்பர் 1998

அம்மிணி,

கவர் வந்தது. பிரிக்கவில்லை. என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். தண்டனை கொடுப்பார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள், அதுவும் இல்லாவிட்டால் மன்னிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். படிக்கவே மாட்டார்கள் என்று நினைக்கவில்லை.

நீ கோபப்படுவது நியாயம். பாசத்தையும் எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். இப்போது எழுதப்போவதைப் படித்தால் கோபம் இன்னும் கூடும். கூடட்டும்.

கயல் இந்த சீசனில் பெயர் போடாத ஜெர்ஸி கேட்டு வாங்கிவிட்டாள். முதுகில் நம்பர் மட்டும்தான். நான் எல்லா மேட்ச்சுக்கும் போனேன். பெற்றோர்களெல்லாம் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வந்தேன்.

நான் கயலிடம் சொன்னது பொய். ஒரு பெயர் எனக்குத் தெரியும். அந்த வாக்குமூலத்திலும் அதை எழுதவில்லை. சுற்று ஏழு என்று எழுதினேன், செருப்புப் போடவில்லை என்று எழுதினேன். அதை மட்டும் எழுத முடியவில்லை. நீ ஏப்ரலில் அந்தப் பெயரை எழுதியபோது பார்க்கிங் லாட்டில் அப்படி உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

அன்றைக்கு வால்வுப் பள்ளத்தில் நான் தனியாக இல்லை. ரங்கன் கூட நின்றான். அவன் வீடும் லைனில்தான், உனக்குத் தெரியும். அவன் கை நடுங்கியது வயதால் அல்ல. நான் சாவியை மாட்டியதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான்:

"சின்ன எசமானுங்க, எம் பொண்ணு மரகதம் உங்க தங்கச்சி கூடத்தானுங்க படிக்குது. ஊட்ல ஒரு பொட்டுத் தண்ணி இல்லீங்க. ஓடிப்போயி ஒரு கொடம் புடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க. அப்பறம் மூடுங்க."

அப்பா காத்திருப்பார் என்றேன். மூடினேன்.

நேற்று கயலின் அறைக் கதவைத் தட்டி அவளிடம் இதை முழுக்கச் சொன்னேன். இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, ரங்கன் சொன்னதை மட்டும் தமிழிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். எழுதிக் கொடுத்தேன். உனக்கும் எழுதுகிறேன்.

ர. மரகதம்.

நஞ்சுண்டன்